நிற்காமல் போன சைக்கிள்

1982 ஜனவரி 18, திங்கள்

காலையில் புதுச்சேரி நகராட்சிக் கூட்டம். குடிநீர்க் குழாயைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு ஒத்திவைத்தார்கள். நான் நாலு பத்தி எழுதினேன்; நாலு வரி அச்சாகும். இருபத்தேழு வருஷ நிருபர் வேலையில் இதெல்லாம் வருத்தம் தருவதில்லை.

நேற்று, படுக்கையில் கிடக்கும் யூஜினுக்கு நன்மை கொண்டுபோனது அறுபத்தோராவது ஞாயிறு. 1980 கிறிஸ்து அரசர் திருநாளில் தொடங்கியது. கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகப் பங்குச் சாமியார் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார். குடும்பஸ்தன் கையில் சாமியைக் கொடுப்பதா என்று சிலர் முணுமுணுத்தார்கள். மூவரில் நான் ஒருவன். பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

சாமியார் சொன்ன விதி ஒன்றே ஒன்று: நற்கருணை அப்பம் வைத்த சிமிழ் மார்பில் இருக்கும்போது வழியில் நிற்கக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. நிருபனுக்கு இதைவிடக் கடினமான விதி கிடையாது. நிற்பதும் கேட்பதும்தான் என் பிழைப்பு.

நெல்லித்தோப்பில் முதல் பூசை முடிந்ததும் சிமிழைப் பட்டுப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்வேன். இடது கையால் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வலது கையால் சைக்கிளை ஓட்டி, யூஜின் வீடு இருக்கும் சாரம் வரை போவேன். உள்ளங்கையில் நெஞ்சு துடிப்பது தெரியும். அந்தத் துடிப்பு என்னுடையதா, நான் சுமப்பவருடையதா என்று பிரிக்க முடியாத ஒரு கணம் வரும். போன வருஷம் தியானம் கொடுக்க வந்த சாமியார் சொன்னது இதுதான் என்று நினைக்கிறேன். இறைவனோடு ஒன்றாவது ஒரே நாளில் நடப்பதில்லை, தினம் ஒன்றைத் தேர்ந்து ஒன்றை விட வேண்டும் என்றார். ஞாயிறுதோறும் நான் செய்தியை விடுகிறேன்.

என் மனைவி வேளாங்கண்ணி இரண்டாம் பூசைக்குப் போகிறவள். சாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து வருகிறவள் பாதி வழியில் எதிர்ப்படுவாள். பேசமாட்டேன். நேற்று மத்தியானம் சோறு போடும்போது, "பொண்டாட்டியயே யாருன்னு தெரியாத மாதிரி போறீங்களே, சாமி என்னைப் பத்தி உங்களக் கேக்கலையா?" என்றாள்.

ஜனவரி 24, ஞாயிறு

வழியில் நூல் கிடங்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. தீயணைப்பு வண்டி வந்தது. கூட்டத்தில் இரண்டு பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். குறிப்புப் புத்தகம் பையிலேயே இருந்தது. நிற்கவில்லை. மறுபடி போனபோது சாம்பல்தான் மிச்சம். நாளைக்கு மற்றப் பத்திரிகைகளில் எல்லாம் வந்திருக்கும், எங்களுடையதைத் தவிர.

யூஜினிடம் சொன்னேன். மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டியவர், இடுப்புக்குக் கீழே அசைவில்லை, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. என்னைப் பிரெஞ்சுக்காரன் மாதிரி 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். "முசியே, கடவுளுக்காகத் தீய விட்டுட்டு வந்த மொத ஆளு நீதான். உன் பேர பீடத்துல எழுதி வைக்கச் சொல்றேன்" என்றார்.

கேலிதான். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

பிப்ரவரி 24, சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பலோடு ஆபீஸ் போனேன். தவக்காலத் தீர்மானம்: சுருட்டு இல்லை. விதியில் ஒரு முறையும் தவறுவதில்லை.

மார்ச் 14, ஞாயிறு. காலை

அறுபத்தொன்பதாவது ஞாயிறு. தடங்கல் இல்லை. சாராயக்கடை தாண்டிப் புளியமரத்தடியில் ஒருத்தன் சுருண்டு கிடந்தான். பக்கத்தில் ஒரு பெண் கையை ஆட்டி, ஐயா ஐயா என்று கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கடைப் பக்கம் படுத்திருப்பவனுக்கு என்ன என்று எந்தப் புதுச்சேரிக்காரனும் கேட்பதில்லை. நிற்கவில்லை. சோதனை சிறியதானாலும் சோதனைதான்.

அதே நாள், மாலை

எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் நாளைக்கு வேறு மாதிரி எழுதுவேன்.

வேளாங்கண்ணி பன்னிரண்டரைக்கு வந்தாள். புடவையில் சேறு. இரண்டாம் பூசையில் அவளைக் காணோம் என்று பக்கத்து வீட்டார் முன்பே சொல்லியிருந்தார்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் ஞாயிறு பூசையை விட்டதில்லை. வாசலிலேயே கேட்டேன்: "தவக்காலத்துல பூசைய விட்டுட்டு எங்க சுத்திட்டு வர?"

கால் கழுவினாள். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள். பிறகு சொன்னாள்.

புல் அறுக்கப் போனவனை விரியன் கடித்திருக்கிறது. பெயர் கோவிந்தராசு. ரோடு வரை நடந்து வந்து புளியமரத்தடியில் விழுந்துவிட்டான். மனைவி அஞ்சலாட்சி போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டிருக்கிறாள். குடிகாரன் என்று எல்லாரும் போய்விட்டார்கள். வேளாங்கண்ணி அன்றைக்குத் தாமதமாகப் புறப்பட்டு, அங்கே வந்தது ஏழே முக்காலுக்கு. ஆஸ்பத்திரி இருக்கும் கோரிமேட்டுக்குப் போகும் பஸ் வந்திருக்கிறது, நிறுத்தம் இல்லாத இடம். ரோட்டின் நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றாளாம். டிரைவர் திட்டினானாம். "ஏத்திட்டு அப்பறம் திட்டு" என்றாளாம். கோவிந்தராசு தலையை மடியில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரை போயிருக்கிறாள்.

எல்லாம் சொல்லிவிட்டு: "மொதல்ல ஒருத்தரு சைக்கிள்ல போனாராம். திரும்பிக்கூடப் பாக்கலயாம். நீங்க அதுக்கும் முன்னாடியே போயிட்டீங்கபோல. பாத்திருந்தா நின்னிருப்பீங்க."

சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியவில்லை.

மார்ச் 15, திங்கள்

ஆஸ்பத்திரி விவரம் எடுப்பது என் வேலை, போனேன். கோவிந்தராசு, வயது 41, சாரம், பாம்புக்கடி, சேர்த்த நேரம் காலை 8.10. உயிருக்குப் பயமில்லை. கால்விரல் இரண்டு கறுத்திருக்கின்றன.

நான் அந்த மரத்தைத் தாண்டியது ஏழு ஐந்து. சைக்கிளில் பின்சீட்டு இருக்கிறது.

நாற்பது நிமிஷம் முன்னால் வந்திருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "இதென்ன சார், கோர்ட்டா? அந்தம்மா மட்டும் பஸ்ஸ மறிக்கலன்னா இன்னிக்கு நீங்க வேற மாதிரி நியூஸ் போட்டிருப்பீங்க" என்றார்.

அந்தம்மா என் மனைவி. பெருமையாகச் சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

மார்ச் 17, புதன்

விஷயம் ஆபீசுக்கு எட்டிவிட்டது. பஸ்ஸை மறித்த பெண்ணைப் பற்றிப் பெட்டிச் செய்தி வேண்டும் என்றார் ஆசிரியர் நாராயணசாமி. உன் வீட்டுக்காரியைப் பற்றி நீயே எழுது, உன்னைவிடச் சரியாக யாருக்குத் தெரியும் என்று சிரித்தார்.

மூன்று தடவை எழுதினேன். மூன்றாவதில் ஒரு வரி சேர்த்தேன்: "முன்னதாக அவ்வழியே சைக்கிளில் சென்ற ஒருவரை அஞ்சலாட்சி உதவிக்கு அழைத்தும் அவர் நிற்கவில்லை." நடந்ததில் பாதியை எழுதிப் பழக்கமில்லை.

மார்ச் 18, வியாழன்

வேளாங்கண்ணி கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் வெட்கப்பட்டு வேகமாகத் தாண்டினாள். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"இத ஏன் போட்டீங்க? பாவம், அந்தாளு படிச்சா மனசு ஒடஞ்சிடுவாரு."

"படிச்சிட்டாரு."

"யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"எழுதுனதே அவருதான்."

பேப்பரை மடித்தாள். நாலாக, எட்டாக. அதற்குமேல் மடிக்க முடியாதபோது மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மார்ச் 20, சனி

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கம்பித் தட்டிக்கு அப்பாலிருந்து சாமியார், "நிக்காதேன்னு சொன்னவன் நான். அதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றார். அப்படிச் சொல்லி என்னைத் தப்பிக்க விடாதீர்கள் என்றேன். சரி என்றார். அந்தப் பெண்ணிடம் போய் நேரில் சொல்ல வேண்டும், அதுதான் அபராதம். எப்போது என்று கேட்டேன். "பத்திரிகைக்கு இருக்கிற மாதிரி கடைசி நேரம் ஒண்ணு வேணுமா? பாஸ்காவுக்கு முன்னால." ஈஸ்டருக்கு மூன்று வாரம் இருந்தது.

சிமிழைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஆனால் என் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கவில்லை.

மார்ச் 21, ஞாயிறு

போகவில்லை. சாமியாரே யூஜின் வீட்டுக்குப் போனார்.

மார்ச் 28, ஞாயிறு

பத்து நாள். வேளாங்கண்ணி சோறு போடுகிறாள், சட்டை தேய்க்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவளாக ஒரு வார்த்தை இல்லை.

இன்று நானே ஆரம்பித்தேன். சாமியைச் சுமந்துகொண்டிருந்தேன், விதி அப்படி, குடிகாரன் என்று நினைத்தேன் — மூன்று காரணம் சொன்னேன். சொல்லும்போதே மூன்றும் ஒன்றையொன்று தள்ளிவிடுவது தெரிந்தது. குடிகாரன் என்றால் விதி எதற்கு? விதி என்றால் குடிகாரனா இல்லையா என்று பார்த்தது எதற்கு?

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்:

"சாமி அங்க எறங்கியிருக்கும். நீங்கதான் கைய வச்சு அழுத்திப் புடிச்சிகிட்டீங்க."

கீரையை அலசப் போனாள்.

அறுபத்தொன்பது ஞாயிறு என் உள்ளங்கையில் துடித்தது என்ன? நான்தானா? முழுக்க நான் மட்டும்தானா?

ஏப்ரல் 3, சனி

சாரத்தில் அவர்கள் வீட்டுத் தெரு முனை வரை போனேன். திரும்பிவிட்டேன்.

ஏப்ரல் 6, செவ்வாய்

இன்றும். முனையில் வெற்றிலை பாக்கு வாங்கினேன். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது.

ஏப்ரல் 8, பெரிய வியாழன்

போய்விட்டேன்.

கோவிந்தராசு கயிற்றுக் கட்டிலில் கட்டுப் போட்ட காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு விரல் எடுத்துவிட்டார்கள். அஞ்சலாட்சி வாசலில் வரட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்றுதான் முதலில் வாயில் வந்தது. பழக்கம்.

பிறகு சொன்னேன். அன்றைக்குச் சைக்கிளில் போனது நான்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க இல்லீங்க. அந்தாளு ஒல்லியா, ஒசரமா இருந்தாரு. வேற யாரோ."

இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தவன் நான். நேரில் பார்த்தவளே இல்லை என்கிறாள். சாமியார் கேட்டால் சொல்லிவிட்டேன் என்று சொல்லலாம், பொய்யில்லை. அவளுக்கும் வேலை இருந்தது. செருப்பில் கால் நுழைந்தும்விட்டது.

"இல்லம்மா. நான்தான். நீ பச்சப் பொடவ கட்டியிருந்த. ரெண்டு தடவ ஐயான்னு கூப்புட்ட. மூணாந்தடவ கூப்புடல."

அடுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"குடிச்சிட்டு உழுந்து கெடக்கறார்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"அவரு தொட்டதேயில்லீங்க."

"தெரியாது. நின்னு கேக்கல."

வரட்டியை மறுபடி அடுக்கத் தொடங்கினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெயர் என்ன, எந்தத் தெரு என்று கேட்டாள். சொன்னேன். அப்போதுதான் முகத்தில் ஏதோ மாறியது.

"அந்த அக்கா ஊட்டுக்காரரா நீங்க?"

"ஆமா."

"அதுங்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"என்னா சொல்லிச்சு?"

கீரை ஆய்ந்தபடி வேளாங்கண்ணி சொன்னதைச் சொன்னேன். அஞ்சலாட்சிக்கு நம் கோயில் தெரியாது, சிமிழ் தெரியாது. சட்டைக்குள் சாமி என்றால் என்ன என்றும் கேட்கவில்லை. ஆனால் தலையை ஆட்டினாள், தெரிந்த விஷயத்தைக் கேட்டவள் மாதிரி. "சொல்லும், அந்த அக்கா சொல்லும்" என்றாள். உள்ளே போய், புருஷனை வெயில் படாத பக்கமாகத் திருப்ப வேண்டும், ஒரு கை பிடியுங்கள் என்றாள். கட்டிலை இருவரும் தூக்கி நகர்த்தினோம்.

ராத்திரி கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார். எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன்: நூற்றிருபது விரல்.

ஏப்ரல் 25, ஞாயிறு

சாமியார் சிமிழை என் கையில் வைத்தார். இனி விதி என்ன என்று கேட்டேன். "உங்க வீட்ல கேளுங்க" என்றார்.

ஆகஸ்ட் 22, ஞாயிறு

ராத்திரி பெய்த மழையில் சாரம் ரோடு முழுக்கச் சேறு. செங்கல் ஏற்றிய கட்டை வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்கி நின்றது. மாடு முட்டி போட்டுவிட்டது. சைக்கிளை வேலியில் சாய்த்தேன். மார்பில் சிமிழ். இரண்டு கையும் சக்கரத்துக்கு வேண்டியிருந்தது, அணைத்துப் பிடிக்கக் கை மிச்சமில்லை. நாலு பேர் சேர்ந்து தள்ளினோம். சட்டையெல்லாம் சேறு.

பின்னால் வந்த ஒருவர் வண்டிக்காரனிடம், யார் அவர், படித்த மனுஷன் மாதிரி இருக்கிறாரே என்று விசாரித்தார்.

"தெரியாதா? நம்ம வேளாங்கண்ணி அக்கா ஊட்டுக்காரரு."

என் பெயரைச் சொல்லவில்லை, பத்திரிகையைச் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் என்னை யாரும் இவ்வளவு சரியாக எழுதியதில்லை.