தையல்காரர் கேட்காத டீ

அன்பு மகளுக்கு, அம்மா ஆசிகளோடு எழுதுவது. நாங்கள் சௌக்கியம் என்று முதல் வரியிலேயே எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அதை எழுதவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும். போனில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

கடைசிக் காலத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்துக்கு வாரம் மூன்று நாள் நான் போவது உனக்குத் தெரியும். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் என்பதால் அங்கேயும் எனக்குப் போன் வேலைதான். தூரத்திலிருக்கும் பிள்ளைகள் கூப்பிட்டால் நோயாளியின் காதருகே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அங்கே எனக்குப் பட்டப்பெயரே ஹலோம்மா. சேர்ந்த அன்றே ஹெட் நர்ஸ், பார்த்ததை மட்டும் சொல்லுங்க, ஆறுதலுக்குன்னு நீங்களா எதையும் சேர்க்காதீங்க என்றாள். உன் அம்மா என்றைக்கு ஒன்றைச் சேர்க்காமல் சொல்லியிருக்கிறாள்.

ஏழாவது படுக்கையில் ஒரு தையல்காரர் இருந்தார். கண் மூடிக் கிடந்தாலும் விரல் மட்டும் போர்வை ஓரத்தை மடித்துக்கொண்டே இருக்கும். மகன் கப்பலில் சமையல்காரன். போன வாரம் செவ்வாய்க்கிழமை, கப்பல் ஒரு துறைமுகத்தில் நின்றபோது கூப்பிட்டு, இங்கேயே இறங்கிடட்டுமா ஆன்ட்டி, இல்ல அடுத்த துறைமுகம் வரைக்கும் பொறுக்கலாமா என்று கேட்டான். குரல் உடைந்திருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, அப்பா இன்னைக்கு டீ கேட்டு வாங்கிக் குடிச்சாருப்பா, பதறாதே என்று சொல்லிவிட்டேன். அவர் எங்கே கேட்டார், நான் பஞ்சில் நனைத்து உதட்டில் தடவியதுதான். அவன் அதை நம்பிப் பொறுத்தான். வெள்ளிக்கிழமை தையல்காரர் போய்விட்டார். அவன் வந்து சேர்ந்தது திங்கள்கிழமை. வந்தவன் என்னிடம், சர்க்கரை ரெண்டு ஸ்பூன் போட்டீங்களா ஆன்ட்டி, அவருக்கு அதுதான் பிடிக்கும் என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன். அவன் காலிப் படுக்கையில் போய் உட்கார்ந்துகொண்டான். இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகையால் உனக்கும் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். உன்னிடம் தெம்பாகப் பேசிவிட்டு அப்பா அரை மணி நேரம் படுத்துவிடுகிறார். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. ஸ்கேன் பார்த்த டாக்டர் மாதக் கணக்கில் பேசவில்லை, வாரக் கணக்கில்தான் பேசினார். புள்ளகிட்ட மூச்சு விடாதே என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், அதை இன்று மீறுகிறேன். நேற்றுகூட நல்லாத்தான் இருக்கார் என்று உன்னிடம் சொன்னவள் நான்தான், என்னை மன்னித்துவிடு. லீவு வரட்டும் என்று இருக்காதே, கிளம்பி வா. வாசலிலேயே அழுது முடித்துவிட்டு உள்ளே வா, நீ அழுதால் அவருக்குத் தாங்காது.

நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். இன்று காலையில் அப்பா அவராகவே டீ கேட்டு வாங்கிக் குடித்தார். இது நான் பார்த்தது.

உன் அம்மா