நீங்கள் படி தாண்டாத நாட்கள்

இன்று காலை ஹாஜிகள் கரையிறங்கினார்கள். நீங்கள் மௌத்தானதிலிருந்து நான் இத்தாவில் இருக்கிறேன். கணவனை இழந்தவள் வாசலுக்குப் போகக்கூடாது. ஆனால் காதை யார் கட்டிவைப்பது? முகத்துவாரத்துப் பக்கம் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழக்கம் கேட்டது, தெருவே கரைக்கு ஓடியது. பக்கத்து வீட்டில் சாம்பிராணி போட்டார்கள். அந்தப் புகை சுவர் தாண்டி வந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீங்கள் ஹஜ் முடித்து வந்த அன்று நானும் இப்படித்தான் வீடெல்லாம் புகை போட்டுக் காத்திருந்தேன். நீங்கள்தான் வரவில்லை.

ஒல்லாந்தர் கோட்டைச் சுங்கக்காரன் உங்கள் மூட்டையைக் கிளறி முடித்ததும் நேரே பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதீர்கள். அது முறைதான். திரும்பி வரும் ஹாஜி தன் வீட்டுப் படியைத் தாண்டும்வரை கேட்கிற துஆவை அல்லாஹ் தட்டமாட்டான் என்பார்களே, அதனால் ஊரே உங்களைச் சூழ்ந்துகொண்டது. ஒருத்திக்குப் பிள்ளை வேண்டும், இன்னொருவனுக்கு ஒல்லாந்தர் மறித்து வைத்திருக்கும் தோணி வேண்டும். எல்லாருக்காகவும் கையேந்திவிட்டு நீங்கள் எழுந்த நேரத்தில் கோட்டைக்குப்பத்திலிருந்து ஒரு மீனவப் பெண் வந்தாள். கடலுக்குப் போன அவள் புருஷனின் கட்டுமரம் திரும்பவில்லை. நீங்கள் கேட்டால் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கேட்டீர்கள். கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். அவன் கரை சேரும்வரை படி தாண்டுவதில்லை என்று பள்ளிவாசல் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உங்களை மக்கா வரை அனுப்பிவிட்டு வழிமேல் விழி வைத்துக் கிடந்தவள் நான். இப்போது கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு வரமாட்டேன் என்கிறீர்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பெண்டாட்டி மேல் என்ன மனத்தாங்கலோ என்றுகூடப் பேசினார்கள். வேளாவேளைக்குச் சோறு கொடுத்தனுப்பினேன். ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை. மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா என்று எனக்கே தெரியாது. தட்டு என்னவோ காலியாகத்தான் திரும்பியது.

பிறகு வடக்கே கட்டுமரத்தின் கட்டைகள் மட்டும் ஒதுங்கின. அவளே முற்றத்துக்கு வந்து, "போதும் மரைக்காரே, ஊட்டுக்குள்ள போ" என்றாளாம்.

வந்தீர்கள். காதுகுளிர மக்காக் கதை கேட்கலாம் என்று இருந்த எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. கஅபாவை விட்டுப் பிரியும்போது சுற்றிவந்து கடைசியாக என்ன துஆ கேட்டீர்கள் என்றேன். "இதுவே கடைசிப் பார்வையா ஆக்கிடாதேன்னு கேட்டேன். அவளும் அதைத்தானே கேட்டா" என்று சொல்லி அழுதீர்கள்.

அதிலிருந்து ஒரே மன அரிப்பு உங்களுக்கு. அன்றே வீட்டுக்குள் வந்திருந்தால் அவளும் அன்றே அழுது தீர்த்திருப்பாள், நான் உட்கார்ந்து அவளுக்குப் பொய் நம்பிக்கை கொடுத்துவிட்டேன் என்பீர்கள். அவள் மீன் கொண்டுவரும் நேரம் பார்த்து உள்ளே போய்விடுவீர்கள். கடைசிக் காய்ச்சலிலும் என் கையைப் பிடித்து, நான் உட்கார்ந்தது தப்பா என்று அதையேதான் கேட்டீர்கள். அப்படியெல்லாம் இல்லை என்றேன். ஆமாம் என்றுதான் மனதுக்குள் நினைத்தேன். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

இன்று அவள் இறாலோடு கொல்லைப்பக்கம் வந்தாள். கரையில் தக்பீர் இன்னும் ஓயவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டுவிட்டேன். அவர் அப்படி உட்கார்ந்ததில் உனக்கு வருத்தமா என்று.

கூடையை இறக்கி வைத்தாள்.

"இன்னா பீவிம்மா இப்டி கேட்டுட்ட. அவுரு உள்ள போயிருந்தா அன்னிக்கே என் தாலிய அறுத்திருப்பாங்க. அவுரு வெளிய குந்திக்கினு இருந்த வரைக்கும் யாரும் என்னாண்ட வரல. அந்த நாலு நாளும் எனக்குப் புருசன் இருந்தான்."

இறாலை அள்ளிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் அடுப்படிக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருக்கிறேன். ஒரு வார்த்தை. நீங்கள் இருக்கும்போதே அவளிடம் கேட்டிருக்கலாம். நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போது பதில் என்னிடம் இருக்கிறது, கேட்டவர் மண்ணுக்குள் இருக்கிறார்.

நண்பகலில் லுஹர் தொழுதுவிட்டுக் கையேந்தினேன். உங்கள் பாவங்களை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் வேறொன்று வாயில் வந்துவிட்டது. யா அல்லாஹ், அவள் சொன்னதை அவரிடம் சொல்லிவிடு என்றேன்.