மகனை வெளியே அனுப்பிவிட்டு

அன்புள்ள அம்மா,

எங்கள் வார்டில் உன் வயதில் ஒரு அம்மாள். டாக்டர் "வலிக்குதா?" என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் மகனைப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்று சிரிப்பார். டாக்டரும் அதை நம்பி மருந்தைக் குறைத்துவிட்டார்.

இன்று மகனை வெந்நீர் வாங்க அனுப்பிவிட்டு நான் கேட்டேன். "உயிர் போகுதும்மா. பையன் தாங்கமாட்டான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மருந்தைக் கூட்டச் சொல்லி டாக்டரிடம் சண்டையே போட்டேன். ஆனால் அதற்குள் நோய் கைமீறிவிட்டது.

ஃபோனில் நீயும், "எனக்கென்ன கேடு, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்" என்று சிரிக்கிறாய். பக்கத்தில் தம்பியின் குரல் கேட்கிறது.

ஞாயிறன்று அவனைக் கடைக்கு அனுப்பிவிடு. நான் கூப்பிடுகிறேன். மகள் கேட்கிறாள் என்று நினைக்காமல் சொல்.

இப்படிக்கு,
ஒரு நர்ஸ்