சண்டைக்குப் போகாத சேவல்

தலைநகரம் டில்லிக்குப் போகும் என்று ராஜா அறிவித்த வருஷம் அது. வெறுங்காலோடு ஆடிய வங்காளிப் பையன்கள் வெள்ளைக்காரப் பட்டாளத்தைப் பந்தாட்டத்தில் ஜெயித்ததும் அதே வருஷம்தான். இன்று காலை ஜாதவ்பூர் கறிக்கடை வாசலில் ஈர இறகு வாடை முகத்தில் அடித்தது. உடனே நினைவில் நீ வந்துவிட்டாய், மாப்ளே. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

தரம்தலாவில் துரை ஒருவரின் கடையில் எனக்குப் பொய் ஈ கட்டுகிற வேலை. தூண்டில் முள்ளில் பட்டு நூலையும் சேவல் இறகையும் சுற்றிக் கட்டினால் அது தண்ணீர் மேல் மிதந்து போகும். மலை ஆற்று மீன் நிஜ ஈ என்று வந்து கவ்வும். அந்த மழைக்காலத்தில் நான் கட்டியவை காஷ்மீரிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தன. ஒரு மீன் கடித்ததும் இறகு பிரிகிறதாம், அடுத்த வீச்சில் மூழ்குகிறதாம். பூஜைப் பண்டிகைக்குள் மிதக்கிற ஈ வராவிட்டால் சீமையிலிருந்தே வரவழைத்துக்கொள்வோம், நீ ஊர் போய்ச் சேர் என்றார் கடையின் தலைமைக் குமாஸ்தா பெரிய பாபு.

நான் ஊருக்குப் போவதாயில்லை. இறகைச் சுற்றிய பிறகு அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பியை எதிர்த்திசையில் ஓட்டினேன். தண்டு ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றது பிரியாது. மூழ்காமலிருக்கத்தான் வழி தெரியவில்லை. சந்தைக் கோழியின் இறகு பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடிக்கும். முற்றிய சண்டைச் சேவலின் கழுத்து இறகுதான் விறைத்து நிற்கும். அப்படி ஒரு சேவல் கார்டன் ரீச்சில் உன் வீட்டு வாசலில் கட்டிக்கிடந்தது.

நான் கேட்டதும் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாய். "இதக் கேக்காத. வேணும்னா இவ தலமுடிய அறுத்துக்க."

உன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவரு தலையில ஏதாச்சும் மிச்சம் இருக்கான்னு பாருங்கண்ணே."

கொல்ல வேண்டாம், கழுத்தில் மட்டும் பறிக்கிறேன் என்றேன். புண் ஆற ஒரு மாதமாகும் என்பதையும் மறைக்கவில்லை. கிதிர்பூர்ச் சேவல் சண்டையோ வருகிற ஞாயிறு. "தோத்தா களத்துல தோக்கணும், கூட்டுக்குள்ள இருந்து தோக்கக் கூடாது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நீ. சேவலின் கழுத்தை ஒருதரம் தடவிக்கொடுத்தாய். பிறகு தோள் துண்டை எடுத்து அதன் தலையில் சுற்றினாய். "நானே பிடிச்சுக்கறேன். வேற கைன்னா பயந்துரும்." அது கத்தியது. நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பிடி மட்டும் தளரவில்லை.

அங்கேயே உட்கார்ந்து கட்டினேன். உன் மனைவி ஈயை வாங்கித் தன் பேன்சீப்பில் இழுத்தாள். "மீன் பல்லுன்னு நெனச்சுக்குங்க." தாம்பாளத் தண்ணீரில் போட்டதும் சாய்ந்தது. பிரித்துக் கட்டினேன். மறுபடி சாய்ந்தது. "விட்டுத் தொலைங்கண்ணே" என்றாள். விடவில்லை. பொழுது சாயும்போது ஒன்று, சீப்பில் எத்தனை இழுத்தும் பிரியாமல், இறகு நுனிகளில் நின்று மிதந்தது.

ஞாயிறு சாயங்காலம் கிதிர்பூர்க்காரர்கள் உன் வாசலுக்கு வந்தார்கள். பயந்தாங்கொள்ளி மதராசி, காளிகாட்டில் வேண்டிக்கொண்டு சேவலுக்கு மொட்டை போட்டாயா என்று சிரித்தார்கள். நான் வாய் திறக்குமுன் என் கையை அழுத்தினாய். "சொல்லிறாத. எந்த இறகுன்னு தெரிஞ்சா நாளைக்கே எவனும் கட்டுவான். அப்புறம் தொர உன்னய எதுக்கு வச்சுக்கப் போறான்?"

அதன்பின் ஒரு பெட்டியும் திரும்பி வரவில்லை. கண் மங்கும்வரை கடையில் ஈ கட்டும் மேசை என்னுடையதாகவே இருந்தது. நீ சாகும்வரை உனக்குப் பட்டம் பயந்தாங்கொள்ளி. இன்றைக்கும் நான் துணிக்கொடி கட்டினால்கூட இரண்டு தரம் இழுத்துப் பார்த்துத்தான் விடுவேன். அந்தப் பட்டத்தை மட்டும் அவிழ்க்காமல் விட மனமில்லை.

இப்போது கடையும் இல்லை, மறைக்க ஒன்றுமில்லை. போன வாரம் தடியூன்றிக் கிதிர்பூருக்குப் போனேன். அன்று சிரித்தவர்களில் ஒருவரும் மிச்சமில்லை. அவர்கள் பேரன்களை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல கதை தாத்தா, சாட்சி யார் என்று கேட்டார்கள். ஹவுராவில் தன் மகன் வீட்டில் இருக்கிறாள், படகில் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். யார் அது என்றார்கள். செல்லம்மா, அவன் பெண்டாட்டி என்றேன்.