அத்திம்பேரின் கையும் என் பத்தியச் சாப்பாடும்

என் அருமை அத்திம்பேருக்கு,

அங்கே வடுமாங்காய் கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் இந்நேரம் சித்திரகுப்தனோடு சண்டை பிடித்திருப்பீர்கள். இங்கே பாலிகஞ்ச் வீட்டில் நானும் அக்காவும் இருக்கிறோம். நேற்று அந்த வெள்ளைக்கார டாக்டர் துரை முன்னால் மறுபடியும் கையை நீட்ட வேண்டி வந்தது. இந்த முறை நீட்டியது என் சொந்தக் கை.

போன வருஷம் நீட்டியது யார் கை என்பது நம் இரண்டு பேருக்கு மட்டும்தானே தெரியும்? கார்டன் ரீச் ஆபீசில் என் குமாஸ்தா வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்கள். சீமையிலிருந்து புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. கையில் ரப்பர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, பாதரசம் ஏறுவதைப் பார்த்து ரத்தத்தின் அழுத்தத்தைச் சொல்லிவிடுமாம். எனக்கோ டாக்டரின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும்.

“ஊசி இல்லே, கத்தி இல்லே, இதுக்குப் போயா நடுங்கறே?” என்று சிரித்தீர்கள். “எனக்கு ஒரு தலைவலி வந்து பார்த்திருக்கியா? நான் போறேன், உன் பேரைச் சொல்றேன்.”

“உங்க பருத்த உடம்பென்ன, என் ஒல்லி உடம்பென்ன? கண்டுபிடிச்சுட மாட்டாளா?”

“துரைக்கு மதராஸி பாபுன்னா தலைப்பாகையும் நெத்திக் குறியும்தான்டா. மூஞ்சியை எவன் பார்க்கறான்?”

நீங்கள் சொன்னது சரிதான், துரை மூஞ்சியைப் பார்க்கவில்லை. பாதரசத்தைத்தான் பார்த்தான். திரும்பி வந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னீர்கள்: “ஏறிண்டே போச்சுடா சாமா. உப்பை அடியோட விடணுமாம். ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பார்த்துட்டுத்தான் வேலையை நிரந்தரம் பண்ணுவாளாம்.”

“யார் உப்பை விடணும்?”

“சீட்டுலே உன் பேர்தானே போட்டிருக்கு!”

அந்தச் சீட்டை அக்கா உங்கள் கோட்டுப் பையிலிருந்து எடுத்து, பக்கத்து வீட்டு வங்காளி மாமி மாஷிமாவின் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. உப்பில்லாத கறி, உப்பில்லாத கூட்டு, உப்பில்லாத மோர். பக்கத்து இலையில் நீங்கள் மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டு, “பாவம், சின்ன வயசு” என்று என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினீர்கள்.

அக்காவிடம் சொல்லிவிடுகிறேன் என்றபோதெல்லாம் தடுத்தீர்கள். அக்காவிடம் சொன்னால் மாஷிமாவுக்குத் தெரியும், மாஷிமாவுக்குத் தெரிந்தால் கார்டன் ரீச்சுக்கே தெரியும், என் வேலை போய்விடும் என்றீர்கள். நானும் என்னால் ஆனதைச் செய்து பார்த்தேன். அக்கா நெய் எடுக்க உள்ளே போகும் நேரம் பார்த்து என் உப்பில்லாத இலையை உங்கள் பக்கம் தள்ளுவேன். நீங்களோ நெய்க்குக்கூடக் காத்திராமல், அவசர அவசரமாக உங்கள் இலையைச் சுற்றித் தண்ணீர் சுற்றி மந்திரத்தை முடித்துவிடுவீர்கள். பரிசேஷணம் ஆன இலையை நகர்த்தக் கூடாதே! உங்களுக்கு அவ்வளவு பக்தி இருந்தது அதற்கு முன் எனக்குத் தெரியாது.

மழைக்காலத்தில் ஒரு நாள் டிராமிலிருந்து இறங்கியவர் அங்கேயே சரிந்தீர்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். எனக்கு மட்டும் அது ஆச்சரியமாக இல்லை. அதைத்தான், அத்திம்பேர், என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று துரை பாதரசத்தைப் பார்த்தான், என்னை ஏற இறங்கப் பார்த்தான், நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்துவிட்டான். “பாபு, ஒரே வருஷத்தில் பாதி ஆளாகிவிட்டாயே! அழுத்தமும் இறங்கிவிட்டது!” என்று கையைப் பிடித்துக் குலுக்கினான். கம்பவுண்டரைக் கூப்பிட்டு என்னைக் காட்டினான். சமைத்தது யார் என்று கேட்டான். என் அக்கா என்றேன். அவளுக்குத் தன் வணக்கத்தைச் சொல்லச் சொன்னான். வேலை நிரந்தரமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அக்காவின் முகம் ஒரு நிமிஷம் மலர்ந்தது. பிறகு அடுப்பின் முன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“உனக்குப் போட்டதையே அவருக்கும் போட்டிருந்தா இருந்திருப்பாரேடா, சாமா. நான் போட்ட உப்புதான் அவரைக் கொண்டு போயிடுத்து.”

உங்களைத் தடுத்தது எது, அத்திம்பேர்? நாக்கா, பயமா, இல்லை என் வேலை போய்விடக் கூடாதே என்ற அக்கறையா? ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?

இதை எழுதி முடித்ததும் அடுக்களைக்குப் போய் அவளுக்கு முழுவதும் படித்துக் காட்டப் போகிறேன். கரண்டி பறக்கும். மாஷிமாவுக்கும் தெரியும். வேலை போனால் போகட்டும். தெரிந்தே சாப்பிட்டவர் நீங்கள், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான். அவள் பரிமாறினாள், அவ்வளவுதான். செய்யாத குற்றத்துக்கு அவளை இன்னொரு நாள் அழ விடமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மச்சினன்,
அதற்கும் முன்னால் காமு அக்காவின் தம்பி,
சாமா