லண்டன் நம்பரில் ஊதிய சங்கு

மீகஹவத்தை தோட்டம், கீழ்ப் பிரிவு,
மாவனல்லை.
24.07.2008

அன்பு மருமகள் தனுஜாவுக்கு,

கேகாலை மாவட்டத்தின் தொலைபேசிச் சக்கரவர்த்தியாக, நான்கு எண்களைக் கட்டி ஆண்டு, இப்போது கிரீடமும் போய் முடியும் போய் நிற்கும் உன் தாய்மாமன் நல்லையா எழுதுவது. இங்கே மழை சுகமாக இருக்கிறது. மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. நீ அந்த மாலைதீவுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மிரட்டிக்கொண்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும்.

வீட்டில் இத்தனை போனை வைத்துக்கொண்டு மாமா எதற்குத் தபால் போடுகிறார் என்று கேட்பாய். என்னிடமிருந்த எல்லா நம்பரிலிருந்தும் உனக்குப் போன் எடுத்துப் பார்த்துவிட்டேன். "ஹலோ" என்ற சொல்லில் "லோ" வருவதற்குள் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடுவதற்காகப் பிரித்தால்கூட நாலு வரி கண்ணில் படும்.

கதையைத் தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். உனக்குப் பாதிதான் தெரியும். கிருஷ்ணராஜ் தம்பி உனக்குப் போனில் சொன்ன பாதி அது. மீதிப் பாதி அதைவிடக் கேவலமானது.

மாலைதீவிலிருந்து பேசினால் சம்பளம் எல்லாம் போனுக்கே போகிறது என்று நீ அழுதாய் அல்லவா, அதற்காகத்தான் மாவனல்லை அஸீஸ் நானாவின் கம்பியூட்டர் கடைக்குப் போனேன். அவர் என் வீட்டுக்கு இன்டர்நெட் லைன் இழுத்து, சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டியை மாட்டி, அதில் பச்சை விளக்கு எரிய வைத்தார். ஒரே பெட்டிக்குள் கொழும்பு நம்பர் ஒன்று, கண்டி நம்பர் ஒன்று. கூடவே சும்மா கிடைத்தது லண்டன் நம்பர். எதில் யார் அடித்தாலும் மீகஹவத்தையில் என் மேசையில் மணி அடிக்கும். நான் வெளியே போனால் அழைப்பு என் செல்போனுக்குத் தாவி வரும். குரங்கு கிளைக்குக் கிளை தாவுவதுபோல. "ஒங்கட வாய்க்கு இந்த மூணு நம்பரும் காணாது நல்லையா" என்று அஸீஸ் நானா சிரித்தார். நான்காவதையும் பிடித்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். சொல்லத்தான் வேண்டும்.

அன்று முழுவதும் அந்தப் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கேகாலை பஸ் ஸ்டாண்டில் கொமியுனிகேஷன் கடை வைத்து ஊரையே உலகத்தோடு பேசவைத்த மனுசன் நான். ஆளுக்கொரு செல்போன் வந்து என் கடையைத் தின்ற பிறகு யாருக்கும் என்னிடம் பேச ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. அந்த விளக்கைப் பார்த்ததும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கே நான்தான் லைன் கொடுப்பதுபோல ஒரு மிதப்பு.

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் இரத்தினபுரியிலிருந்து அழகுமலை முதலாளி தன் மகன் கிருஷ்ணராஜுக்கு உன்னைக் கேட்டு வந்தார். பெரிய ஹார்ட்வேர் கடைக்காரர். உன் அப்பா றப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார் என்பதை அவர் நின்ற நிலையில் கேட்டுக்கொண்டார், முகம் சுளிக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "தாய்மாமன் என்ன செய்றீங்க?" என்றார். கடை மூடியாச்சு, வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். என் நாக்கு, "லண்டன்ல ஒரு பிராஞ்ச் போட்டிருக்கேங்க, பாதி நாள் அங்கதான்" என்றது. சாட்சிக்கு நம்பரையும் கொடுத்தது.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு ஒரு சாம்ராஜ்யத்தை ஆள்கிறவன்கூடப் பட்டிருக்க மாட்டான். மேசையில் லண்டன் நேரத்துக்கு ஒரு கடிகாரம் வைத்தேன். அந்த நம்பரில் மணி அடித்தால் கம்பளி போர்த்திய குரலில் பேசினேன். கொழும்பு நம்பருக்கு அவசரக் குரல், கண்டி நம்பருக்குப் பக்திக் குரல்.

போன மாதம் ஒரு நாள் பகல் பதினொரு மணிக்கு லண்டன் நம்பர் அடித்தது. இரத்தினபுரி முதலாளி. கடிகாரத்தைப் பார்த்தேன். அங்கே விடியற்காலை. கொட்டாவி விட்டு, "இங்க பனி கொட்டுதுங்க, ஜன்னலே தொறக்க ஏலாது" என்றேன். ஆனி மாதத்தில் லண்டனுக்குப் பனி பெய்யவைத்த முதல் மனுசன் நான்தான். அவரும் "அப்படிங்களா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லிவிட்டார், புள்ள. அப்போதுதான் நம் தோட்டத்துச் சங்கு ஊதியது.

வெட்டின பாலை மரம் மரமாகச் சேர்க்கச் சொல்லி ஊதுகிற சங்கு. பிறந்ததிலிருந்து கேட்பதால் அது என் காதில் விழுவதே இல்லை. கடிகாரம் வைக்கத் தெரிந்தவனுக்குச் சங்கை மறைக்கத் தோன்றவில்லை. அது போனுக்கு அந்தப் பக்கமும் போய்ச் சேர்ந்தது.

அந்த நேரம் பார்த்து, என் வீட்டுக்குப் பின்னால் வெட்டிக்கொண்டிருந்த உன் அப்பா வாளியோடு ஜன்னலுக்கு வந்து, "மச்சான், ஒரு செம்புத் தண்ணி குடு" என்றார். யாருங்க அது என்று முதலாளி கேட்டார்.

"வேலக்காரப் பயங்க" என்றேன்.

மீதிப் பாதி இதுதான் தனுஜா. பொய்க்கு லண்டன் போதாமல் உன் அப்பனையும் எடுத்தேன். ஜன்னல் திறந்திருந்தது. உன் அப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நான் ஏதோ முக்கியமான வேலையாக இருக்கிறேன், தான் இடையில் வந்துவிட்டோம் என்பதுபோலப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடிக்காமலே வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார்.

அழகுமலை முதலாளி கடைசியாக, "சரி, சரி. லண்டன்லயும் பால் வெட்டுறாங்க போல" என்று சொல்லி வைத்தார். அவரும் யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் பிறந்தவராம். அந்தச் சங்குக்குத்தான் அவருடைய அம்மா வாளி தூக்கினாளாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இனி அந்த நான்காவது நம்பர். முதலாளி உன் அப்பாவுக்குப் போன் எடுத்தால் அந்த மனுசன் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார் என்று பயந்து, லயத்து வரிசை வீட்டில் இருக்கிற அவருடைய போனுக்கு வரும் அழைப்பை எல்லாம் என் செல்போனுக்குத் திருப்பி வைத்திருந்தேன். சங்கு ஊதின மறுநாளே அதை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அப்பாவின் நம்பருக்கு நீ அடிக்க அடிக்க என் குரல்தான் வந்தது. அவர் எனக்கே போனைக் கொடுத்துவிட்டார், பேச விரும்பவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அங்கே அவர் அடிக்காத போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பால் வெட்டுகிற அப்பனை நினைத்து மகளுக்கு வெட்கமாகிவிட்டது, அதுதான் எடுக்கவில்லை என்று நினைத்திருக்கிறார். உன் அம்மா அந்தப் போனைத் துடைத்துத் துடைத்து நம்பரே அழிந்துவிட்டது.

போன ஞாயிறு முதலாளி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். என் வீட்டைத் தாண்டி நேரே லயத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். அவர் உன் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அன்னைக்குத் தண்ணி கேட்டது யாருங்க?" உன் அப்பா, "நான்தாங்க" என்றார். அவ்வளவுதான். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

முதலாளி தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். "எங்களுக்குப் பொண்ணப் புடிச்சிருக்குங்க, பொண்ணோட அப்பாவையும் புடிச்சிருக்கு. ஆனா இனி நடுவுல வேற வாய் வேணாம். பொண்ணு ஒங்ககிட்ட நேரடியாப் பேசி சரின்னு சொன்னா, நீங்க எனக்குச் சொல்லுங்க. ஆடி முடியுற வரைக்கும் பாக்குறோம்" என்றார். அந்த வேற வாய் வாசலில் செருப்புகளோடு நின்றுகொண்டிருந்தது. உன் அம்மா அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணி ஊற்றவில்லை. இன்று வரை ஊற்றவில்லை. கூடப் பிறந்த அக்காவுக்கு, கருப்பாயி என்று பெயர் வைத்ததற்குத் தகுந்தபடி என்னைப் பார்த்தால் முகம் இருண்டுவிடுகிறது.

அவர் போன பிறகு போனைத் திருப்பி வைத்ததை உன் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப புள்ள போன் எடுத்துச்சா?" என்று மட்டும் கேட்டார். எடுத்தது மச்சான், நிறையத் தடவை எடுத்தது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போய் மழையில் நின்றார்.

அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். பெட்டியை அஸீஸ் நானாவிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. என் மேசையில் பச்சை விளக்கு இல்லை. கடிகாரத்தை நம் நேரத்துக்கே மாற்றிவிட்டேன், லண்டன் மக்கள் எப்படியோ சமாளிப்பார்கள். உன் அப்பாவின் போன் இப்போது உன் அப்பாவிடமே அடிக்கும். மாவனல்லைக்குப் போய் நானே அடித்துப் பார்த்துவிட்டேன். முதல் மணியிலேயே எடுத்து, "தனுஜாவா?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

கிருஷ்ணராஜைப் பிடிக்கவில்லை என்றால் அதையும் அப்பாவிடமே சொல். கல்யாணத்துக்காக நான் கெஞ்சவில்லை. தாய்மாமன் சீர் தட்டோடு முன்னால் வரக்கூடாது என்று நீ சொன்னாலும் சரி, பந்தியில் தண்ணீர் ஊற்றுகிற வேலையை எனக்குக் கொடு. உன் அப்பா உட்காருகிற வரிசையில் கொடு.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். அப்பாவுக்குப் போன் எடுக்கும்போது நம் ஊர் நேரத்துக்குப் பகல் பதினொரு மணிக்கு எடு. ஆடி முடிகிற வரைக்கும் அந்த நேரத்தில் உன் அப்பா வீட்டில் இருக்கக் கங்காணியிடம் நான் கேட்டு வைத்திருக்கிறேன். அப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு நடுவில் சங்கு ஊதும். அப்போது, "அது என்ன சத்தம்ப்பா" என்று கேள். அவர் வாயால் சொல்லட்டும்.

மாரியம்மன் துணையிருப்பாள். நீ எந்தக் கரையில் இருந்தாலும் நன்றாயிரு, புள்ள.

இப்படிக்கு,
எந்த நம்பரும் இல்லாத உன் மாமன்,
நல்லையா