கையைத் தூக்கினால் நிற்கும் மெஷின்

ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டர் கையுறை மாட்டிய விரலை என் வாய்க்குள் விட்டபோது உன் நினைவு வந்தது. ரப்பர் வாசனைதான் காரணம். மலேசியாவிலிருந்து நீ திரும்பிய பிறகு, உன் சரசு எத்தனை முறை துவைத்தும் உன் சட்டையை விட்டுப் போகாத அதே வாசனை.

கையுறைப் பெட்டி என் கண்ணுக்கு நேரே இருந்தது. ஒரு பச்சை இலைப் படம். அதன் கீழே, தொழிலாளர் நலம் பேணித் தயாரிக்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம். நம்பினேன். அட்டைப் பெட்டி எதற்குப் பொய் சொல்லப்போகிறது?

"வலிச்சா கையத் தூக்குங்க சார். உடனே மெஷின நிறுத்திப்போடறேன்" என்றார் டாக்டர்.

நீ கேட்டிருந்தால் சிரித்திருப்பாய். நாம் இருவரும் வாலிபம் முழுக்கக் கத்திக் கேட்டதை இந்த மனிதர் ஏ.சி. அறையில் தானாகவே தருகிறார்.

சிங்காநல்லூர் மில்லில் நமக்கு ஒரு வழக்கம் இருந்தது. தொழிலாளி இறந்தால் பாடை மில் வாசல் வழியாகத்தான் போகும். வாசலைத் தாண்டும் வரை உள்ளே மெஷின் ஓடாது. எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். சங்கம் சண்டை போட்டு வாங்கியது. நிறுத்தினால் நூல் அறுமே என்று முதலாளி கவலைப்பட்டார். அறுந்த நூலை நாங்களே பிணைத்துக் கொடுக்கிறோம் என்று கையெழுத்திட்டோம். செத்தவனுக்காகக் கூடுதல் வேலை பார்த்த தொழிலாளர்கள் உலகத்தில் நாம் மட்டுமாகத்தான் இருப்போம். "மெஷின் நின்னாத்தான் மாப்ளே, ஆள் செத்தது மொதலாளிக்குத் தெரியும்" என்பாய்.

பிறகு மில்லே நின்றது. அதற்கு யாரும் சாக வேண்டியிருக்கவில்லை. நிலத்தின் விலை ஏறினால் போதுமாயிருந்தது.

நீ மலேசியாவுக்கு, கையுறை கம்பெனிக்குப் போனாய். பாஸ்போர்ட்டைக் கம்பெனி பத்திரமாக வைத்துக்கொண்டது, உன்னையும் அப்படியே. இரவு ஷிப்ட்காரன் எழுந்த கட்டிலில் பகல் ஷிப்ட்காரன் படுக்க வேண்டும். "படுக்கை ஆறவே ஆறாது மாப்ளே, கோழி அடை காக்கற மாதிரி" என்று போனில் சொன்னாய். சங்கத்தில் சேரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. ஆனாலும் லீவு நாளில் பஸ் பிடித்து, டவுனில் இருந்த சங்க ஆபீசைத் தேடிப் போனாய். அங்கே இருந்தவரும் தமிழர்தான். டீ வாங்கிக் கொடுத்தார், ஊரை விசாரித்தார், வெளிநாட்டு ஆட்களைச் சேர்த்தால் சிக்கல் என்று வருத்தப்பட்டார். "சங்கத்துக்கு ஆள் வேணும், ஆளுக்குச் சங்கம் வேணும். நடுவுல ஒரு காயிதம் காலை நீட்டிப் படுத்திருக்குது" என்றாய். அன்று நான் சிரித்தேன்.

அடுத்த மாதமே உன் பக்கத்தில் நின்று வேலை பார்த்த நேபாளத்துக்காரர் கையுறை காயவைக்கும் அடுப்புச் சூட்டில் சுருண்டு விழுந்தார். பின்வாசல் வழியாகத் தூக்கிப் போனார்கள். லைன் ஓடிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் அவர் இறந்துவிட்ட செய்தி வந்ததும் நீ சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கைகட்டி நின்றாய். சிங்காநல்லூர் வழக்கம் சிங்காநல்லூரில் மட்டும்தான் செல்லும் என்பது உனக்குத் தோன்றவேயில்லை. உன் பாஷை தெரியாதவர்களும் ஒவ்வொருவராகக் கைகட்டி நின்றார்களாம்.

மேனேஜர் ஓடி வந்து மோட்டாரைத் தடவிப் பார்த்தார். என்ன பழுது என்று கேட்டார்.

"பழுதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. ஆள் செத்துப்போச்சுங்க" என்றாய். அந்த நேரத்திலும் 'ங்க' போடாமல் உனக்குப் பேச வரவில்லை.

மரியாதை தெரிந்த கம்பெனி. விமானச் சீட்டெடுத்து அனுப்பி வைத்தது. காரணம்: இயந்திரத்துக்கு ஊறு விளைவித்தல். நேபாளத்துக்காரருக்கு யார் ஊறு விளைவித்தது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. இங்கே நம் சங்கத்தில் உனக்குச் சால்வை போட்டார்கள். ஒருவர் சர்வதேசத் தொழிலாளர் ஒற்றுமை பற்றி நெடுநேரம் பேசினார். கண்டனக் கடிதம் எழுதுவோம் என்று முடித்தார். எழுதவில்லை. இருமலோடு பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார்த் தூசிக்குள் வேலைக்குப் போனாய். அங்கே சங்கமும் இல்லை, சால்வையும் இல்லை.

நீ செத்துப்போன அன்று சரசு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏனுங்ணா, இவருக்கு எந்த மெஷின நிறுத்துவீங்க?"

மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. நான் தெருக்கோடியில் இருக்கும் பம்பு பட்டறைக்குப் போய்க் கேட்டேன். "நல்ல மனுசனுங்க, பாவம். ஆனா ஆர்டர் நிக்குதுங்களே" என்றார் பட்டறைக்காரர், லேத் சத்தத்துக்கு மேலே கத்தி. சங்கச் செயலாளர் வேறொரு கூட்டத்தில் இருந்தார். ஒரு நிமிட மௌனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

வெறுங்கையோடு நான் திரும்பி வந்ததைச் சரசு பார்த்தாள். உன்னை வைத்திருந்த ஐஸ் பெட்டி காலையிலிருந்து உறுமிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அதன் ஸ்விட்சை அணைத்தாள்.

"இதாச்சும் நிக்கட்டும்."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்தினார்கள். நம் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து கைகட்டி நின்றார்கள். உன்னைத் தூக்கும் வரை யாரும் உட்காரவில்லை.

டாக்டரின் மெஷின் என் பல்லில் இறங்கியது. மரத்துப்போக ஊசி போட்டிருந்ததால் வலியில்லை. ஆனாலும் கையைத் தூக்கினேன். சொன்ன சொல் தவறாமல் நிறுத்தினார்.

"வலிக்குதுங்களா சார்?"

"இல்லீங்க டாக்டர். கொஞ்ச நேரம் அப்படியே நிக்கட்டும்" என்றேன், அந்தக் கையுறைப் பெட்டியைப் பார்த்தபடி.